ஆட்டிசமும் மூளையின் துணைச் செல்களும்: காரணமா, எதிர்வினையா?

மூளையில் உள்ள செல்களில் ஏறக்குறையப் பாதி நரம்புச் செல்கள் அல்ல. பிரேசில் நாட்டைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெலின் குழுவினர், மூளைத் திசுவைக் கரைசலாக்கி அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையைக் கையாண்டு 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த மனிதரின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களும் சுமார் 8,500 கோடி பிற செல்களும் இருக்கின்றன. இந்தப் பிற செல்களில் பெரும்பகுதியைக் கிளியா செல்கள் அல்லது துணைச் செல்கள் என்று உயிரியலார் அழைக்கின்றனர். ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவற்றை விவரித்தபோது, நரம்புச் செல்களுக்கு இடையே உள்ள வெளியை நிரப்பி அவற்றைத் தாங்கும் ஒட்டுப்பொருளாகவே கருதினார். அந்தக் கருத்து நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்ததால், மூளை தொடர்பான எந்தக் கோளாறுக்கும் எந்த வேறுபாட்டுக்கும் விளக்கம் தேடியவர்கள் நரம்புச் செல்லிடமே சென்றனர்; ஆட்டிசமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை.

மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கும் ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் தோன்றும் ஒரு வேறுபாடாகும். பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் தனித்தன்மை, ஒரே செயலையோ ஒரே ஒழுங்கையோ விடாது பற்றுதல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் அடையாளங்கள். பேச்சே வராத குழந்தை முதல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர் வரை பலதரப்பட்டோரை இது உள்ளடக்குவதால், இதற்கு ஒரே காரணம் இருக்க முடியாது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இத்தகைய பன்முக நிலையில் கிளியா செல்களுக்கு என்ன பங்கு, அவற்றுக்கும் நரம்புச் செல்களுக்கும் இடையே நடக்கும் சமிக்ஞைப் பரிமாற்றம் எங்கே மாறுபடுகிறது, அம்மாறுபாடு ஆட்டிசத்துக்குக் காரணமா அல்லது அதற்கு மூளை காட்டும் எதிர்வினையா என்பவையே இச்சொற்பொழிவு ஆராயும் கேள்விகள்.

மூவகைத் துணைச் செல்கள்

மூளையில் மூன்று வகைக் கிளியா செல்கள் முதன்மையானவை. முதலாவது, விண்மீன் வடிவில் கிளைகளை விரிக்கும் ஆஸ்ட்ரோசைட். இதன் கிளை நுனிகள் ஒருபுறம் இரத்த நாளங்களைத் தழுவியும் மறுபுறம் சினாப்ஸ் எனப்படும் நரம்புச் சந்திப்புகளைச் சூழ்ந்தும் அமைகின்றன. மனித மூளையில் ஒரே ஓர் ஆஸ்ட்ரோசைட் 20 லட்சம் சந்திப்புகள் வரை தன் எல்லைக்குள் கொண்டிருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. எலியில் இந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இரண்டாவது, நரம்பிழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தி, மின்துடிப்பு விரைந்து செல்ல வழி செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட். மூன்றாவது, மூளைக்குள் குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியா. பின்னைய இரண்டையும் 1919ஆம் ஆண்டையொட்டிப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ-ஹொர்டேகா.

மைக்ரோகிளியாவின் பிறப்பு மற்ற இரண்டிலிருந்தும் முற்றிலும் வேறுபட்டது. நரம்புச் செல்லும் ஆஸ்ட்ரோசைட்டும் ஒலிகோடென்ட்ரோசைட்டும் கருவின் நரம்புத் திசுவிலிருந்து தோன்ற, மைக்ரோகிளியா மட்டும் கருவுணவுப் பையில் உருவாகி, மூளை வடிவம் பெறத் தொடங்கும் காலத்திலேயே அதற்குள் குடியேறிவிடுகிறது என்பதை ஃப்ளோரென்ட் ஜிஞ்ஜூவும் அவருடன் பணியாற்றியோரும் 2010இல் சுண்டெலிகளில் நிறுவினர். ஆகவே மூளையின் நரம்பு வலை பின்னப்படும் காலம் முழுவதும் ஒரு நோய் எதிர்ப்புச் செல் உடனிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது வெறும் பார்வையாளராகவும் இருப்பதில்லை. உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டின் வழியே இரு ஃபோட்டான் நுண்ணோக்கியைச் செலுத்தி 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டபோது, ஓய்வில் இருப்பதாக அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்த மைக்ரோகிளியா தன் மெல்லிய கைகளை இடைவிடாது நீட்டியும் மடக்கியும் அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டே இருந்தது தெரியவந்தது.

செல்கள் பேசும் மொழிகள்

செல் சமிக்ஞை என்பது, ஒரு செல் வெளியிடும் வேதிப்பொருளை மற்றொரு செல் தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தால் பற்றிக்கொண்டு, அதற்கேற்பத் தன் உள்நடப்பை மாற்றிக்கொள்ளும் நிகழ்வுத் தொடராகும். நரம்புச் செல்கள் மின்துடிப்பாலும் குளூட்டமேட், காபா போன்ற நரம்புணர்வு கடத்திகளாலும் பேசுகின்றன. ஆஸ்ட்ரோசைட்டுக்கு மின்துடிப்பு கிடையாது. அது கால்சியத்தால் பேசுகிறது. வெளியிலிருந்து குளூட்டமேட் வந்து தொட்டவுடன் ஆஸ்ட்ரோசைட்டினுள் கால்சியம் அயனிகளின் அளவு அலையாக எழுந்து பக்கத்துச் செல்லுக்கும் பரவுவதை 1990இல் ஆன் கார்னெல்-பெல்லும் அவர் குழுவினரும் கண்டறிந்த பின்னரே, இச்செல்களும் செய்தியை வாங்கி வழங்குபவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. சந்திப்பில் செய்தியை அனுப்பும் நரம்புச் செல், பெறும் நரம்புச் செல் ஆகிய இரண்டோடு அதைச் சூழ்ந்த ஆஸ்ட்ரோசைட்டையும் சேர்த்து மூன்று தரப்பினர் இருக்கின்றனர் என்ற கருத்தை அல்ஃபோன்சோ அராக்கே, பிலிப் ஹேடன் முதலியோர் 1999இல் முன்வைத்தனர்.

ஆஸ்ட்ரோசைட்டின் வேலை செய்தியைக் கேட்பதோடு முடிவதில்லை. பென் பாரஸின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம், விழித்திரை நரம்புச் செல்களைத் தனியாக வளர்த்தபோது அவற்றுக்கிடையே மிகச் சில சந்திப்புகளே உருவானதையும், ஆஸ்ட்ரோசைட்டுகளை உடன் வைத்தபோது சந்திப்புகளின் எண்ணிக்கை ஏழு மடங்கு வரை கூடியதையும் 2001இல் வெளியிட்டது. இந்த ஊக்கத்தைத் தருபவற்றுள் ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் த்ராம்போஸ்பாண்டின் என்னும் புரதம் ஒன்று என்பது 2005இல் தெளிவாயிற்று. சந்திப்பில் சிந்திய குளூட்டமேட்டை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்து, அடுத்த செய்திக்கு இடம் ஒழுங்கு செய்வதும் ஆஸ்ட்ரோசைட்டே. அந்தப் பணி தளர்ந்தால், அடங்க வேண்டிய நரம்புச் செல் மிகைக் கிளர்ச்சியில் நிற்கும்.

இணைப்புகளின் கவாத்து

குழந்தையின் மூளை தேவைக்கு மேற்பட்ட சந்திப்புகளை முதலில் உண்டாக்கிவிட்டு, பின்னர் பயன்படாதவற்றை நீக்குகிறது. கொய்யாவையும் முருங்கையையும் கவாத்து செய்யும் தோட்டக்காரர் கிளைகளைக் கழித்துக் காய்ப்பைப் பெருக்குவதை ஒத்த இந்தப் பணியைக் கவாத்து என்றே இங்குக் குறிப்பிடலாம். இதில் மைக்ரோகிளியாவின் பங்கு கடந்த இருபது ஆண்டுகளில் விரிவாக வெளிப்பட்டது. இரத்தத்தில் கிருமிகளை அடையாளமிட உதவும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொகுதியின் உறுப்பான சி1க்யூ, வளரும் மூளையில் நீக்கப்பட வேண்டிய சந்திப்புகளைக் குறியிடவும் பயன்படுகிறது என்பதை பெத் ஸ்டீவன்ஸும் பாரஸும் 2007இல் காட்டினர். அவ்வாறு குறியிடப்பட்ட சந்திப்பை மைக்ரோகிளியா தன் ஏற்பியால் இனங்கண்டு விழுங்குவதை ஸ்டீவன்ஸின் ஆய்வகம் 2012இல் வெளியிட்டது. விழுங்கு என்ற குறியைப் போலவே விழுங்காதே என்ற குறியும் உண்டு. சிடி47 என்னும் புரதத்தைத் தாங்கிய சந்திப்புகள் மைக்ரோகிளியாவின் பிடியிலிருந்து தப்புகின்றன.

நரம்புச் செல் அனுப்பும் ஃப்ராக்டல்கைன் என்னும் சமிக்ஞையை மைக்ரோகிளியா வாங்கிக்கொள்ள ஒரு தனி ஏற்பி இருக்கிறது. இத்தாலியில் கார்னேலியுஸ் க்ராஸின் குழுவினர் அந்த ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, வளர்ச்சிக் காலத்தில் கவாத்து பின்தங்கியதையும், சந்திப்புகள் முதிராத நிலையில் மிகுந்து நின்றதையும் 2011இல் கண்டனர். 2014இல் அதே குழு வெளியிட்ட தொடராய்வில், அத்தகைய சுண்டெலிகளில் மூளையின் தொலைவிடங்களுக்கு இடையிலான இணக்கம் குறைந்திருந்ததோடு, பிற சுண்டெலிகளுடன் பழகும் நாட்டமும் குறைந்து, தன் உடலைத் தானே மீண்டும் மீண்டும் வருடிக்கொள்ளும் பழக்கமும் மிகுந்திருந்தது. எலியின் நடத்தையை மனிதரின் ஆட்டிசத்தோடு சமப்படுத்த முடியாது என்றபோதிலும், நரம்புச் செல்லில் எந்தப் பழுதையும் உண்டாக்காமல், மைக்ரோகிளியாவின் ஒரே ஓர் ஏற்பியை நீக்கியதாலேயே நரம்பு வலையும் நடத்தையும் மாறின என்பது இவ்வாய்வின் சிறப்பு.

மனித மூளையில் கவாத்து குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் சல்சரும் குவோமெய் டாங்கும் 2014இல் ஒரு விடையளித்தனர். இறந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மூளையில், முகங்களை அறிதல், மொழி முதலியவற்றோடு தொடர்புடைய பொட்டுமடலின் ஒரு பகுதியை எடுத்து, நரம்புச் செல்லின் கிளைகளில் அரும்பியுள்ள முட்களை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். ஒவ்வொரு முள்ளும் பெரும்பாலும் ஒரு சந்திப்பைத் தாங்குவதால், முள் எண்ணிக்கை சந்திப்புகளின் எண்ணிக்கைக்கு அளவுகோலாகிறது. ஆட்டிசம் இல்லாதோரின் மூளையில் பிள்ளைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்து வளரிளம் பருவத்துக்குள் முட்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் உடையோரிடம் அந்தக் குறைவு 16 விழுக்காடு மட்டுமே. சின்னஞ்சிறு வயதில் இரு தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாமலும், வயது ஏற ஏற வேறுபாடு விரிந்தும் காணப்பட்டதால், சந்திப்புகள் கூடுதலாக உருவாவதைவிட அவை நீக்கப்படாமல் தங்குவதே இங்கு மேலோங்கியது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

எம்டார்: கட்டுவதற்கும் கழிப்பதற்கும் இடையிலான விசை

கவாத்து ஏன் தளர்ந்தது என்று தேடிய அதே ஆய்வு, எம்டார் என்னும் நொதியின் வழிச் சமிக்ஞையை அடைந்தது. உணவுச் சத்தும் வளர்ச்சிக் காரணிகளும் செல்லுக்குக் கிடைக்கின்றனவா என்பதைக் கணித்து, கிடைக்கும்போது புதிய புரதங்களைக் கட்டுமாறும், கிடைக்காதபோது பழைய உறுப்புகளைச் சிதைத்து மறுபயன்பாட்டுக்கு எடுக்குமாறும் செல்லை நடத்துவது எம்டார். பழையவற்றைச் சிதைக்கும் இப்பணிக்குத் தன்விழுங்கல் என்று பெயர். அதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எம்டார் மிகையாக இயங்கினால் தன்விழுங்கல் முடங்கும். டாங்கும் சல்சரும் ஆராய்ந்த ஆட்டிசம் மூளைகளில் எம்டாரின் இயக்கம் மிகுந்தும் தன்விழுங்கல் தளர்ந்தும் இருந்தன.

எம்டாரை அடக்கி வைக்கும் தடைகளாக இயங்குபவை டிஎஸ்சி1, டிஎஸ்சி2 என்னும் இரு மரபணுக்களின் புரதங்கள். இவற்றுள் ஒன்று பழுதானால், மூளையிலும் சிறுநீரகத்திலும் தோலிலும் கட்டிகள் தோன்றும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் நிலை உண்டாகிறது. இந்நிலையுடையோரில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கு ஆட்டிசமும் காணப்படுகிறது. எம்டார் வழியில் மற்றொரு தடையான பிடென் மரபணு பழுதாகும்போது தலை பெரிதாவதும் அதனுடன் ஆட்டிசம் சேர்வதும் உண்டு. 1943இல் லியோ கேனர் பால்டிமோரிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தாம் விவரித்த 11 குழந்தைகளுள் ஐவருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததை ஒரு வரியில் குறித்துச் சென்றார். அந்த வரி இன்று வளர்ச்சிச் சமிக்ஞைகளின் வெளிச்சத்தில் புதிய பொருள் பெறுகிறது.

எம்டாரை அடக்கும் ராபமைசின் என்னும் மருந்து, ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. அதை மாண்ட்ரியல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்து வளர்த்தவர்களுள் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் முதன்மையானவர். டிஎஸ்சி2 பழுதான சுண்டெலிகளுக்கு இம்மருந்தைத் தந்தபோது கவாத்து சீரானது; ஆனால் நரம்புச் செல்லில் தன்விழுங்கலுக்கு வேண்டிய மரபணுவையே நீக்கிவிட்ட சுண்டெலிகளில் அதே மருந்து பலிக்கவில்லை. எனவே எம்டாரின் ஆணை தன்விழுங்கலின் வழியாகவே சந்திப்புகளைத் தொடுகிறது என்று உறுதியாயிற்று.

இதுவரை சொன்னது நரம்புச் செல்லுக்குள் நடப்பது. இதே பொறி மைக்ரோகிளியாவிலும் இருக்கிறது. மைக்ரோகிளியாவில் மட்டும் தன்விழுங்கல் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளிலும் சந்திப்புகள் மிகுந்தன, பழகும் நாட்டம் குன்றியது என்பதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்4இ என்னும் காரணியை மிகையாக்கி 2020இல் பாவ்ஜி ஷூவின் குழு நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. நரம்புச் செல்லில் அதை மிகையாக்கியபோதும் ஆஸ்ட்ரோசைட்டில் மிகையாக்கியபோதும் தோன்றாத நடத்தை மாற்றம், மைக்ரோகிளியாவில் மிகையாக்கியபோது தோன்றியது. அதுவும் ஆண் சுண்டெலிகளில் மட்டுமே. ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடம் மிகுதியாக இனங்காணப்படுவதற்கு இது முழு விளக்கமாகாது எனினும், பாலின வேறுபாட்டை மைக்ரோகிளியாவிலும் தேடவேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஒற்றை மரபணு நிலைகள் தரும் தெளிவு

ஆட்டிசத்தின் பெரும்பகுதியில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிப்பதால், எந்தச் செல்லில் தொடக்கம் என்று சுட்டுவது கடினம். ஒரே மரபணுவின் பழுதால் வரும் அரிய நிலைகளில் இக்கேள்வியைச் சோதிக்க முடிகிறது. ஆஸ்திரிய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966இல் விவரித்த ரெட் நிலை, பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம் காணப்படுவது. ஓராண்டு வரை ஏறத்தாழ இயல்பாக வளரும் குழந்தை, பிறகு பேச்சையும் கையின் பயன்பாட்டையும் இழந்து கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கும். இதற்குக் காரணமான எம்இசிபி2 மரபணுவை ஹூடா ஜோக்பியின் ஆய்வகம் 1999இல் கண்டறிந்தது. 2013 வரை ஆட்டிசத்தோடு ஒரே தொகுப்பில் வைக்கப்பட்டிருந்த இந்நிலை, காரணம் தெரிந்துவிட்டதால் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனியே பிரிக்கப்பட்டது.

எம்இசிபி2 நரம்புச் செல்லின் மரபணு என்றே முதலில் கருதப்பட்டது. 2009இல் கெயில் மேண்டலின் ஆய்வகம், எந்தப் பழுதும் இல்லாத நரம்புச் செல்களை, எம்இசிபி2 இல்லாத ஆஸ்ட்ரோசைட்டுகளோடு ஒரே தட்டில் வளர்த்தது. நலமான நரம்புச் செல்களின் கிளைகள் குட்டையாகிச் சுருங்கின. அடுத்து, ஆஸ்ட்ரோசைட்டுகளை எடுத்துவிட்டு, அவை வாழ்ந்திருந்த திரவத்தை மட்டும் நரம்புச் செல்களின் மேல் ஊற்றினார்கள். அப்போதும் அதே விளைவு. பழுதான துணைச் செல், தன் சுரப்பின் வழியாகவே பழுதற்ற நரம்புச் செல்லைக் குன்றச் செய்ய வல்லது என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது. 2011இல் அவர்கள் எதிர்த்திசையிலும் சோதித்தனர்: உடல் முழுதும் எம்இசிபி2 இல்லாத சுண்டெலிகளில் ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் அம்மரபணுவை மீட்டெடுத்தபோது, நடையும் மூச்சின் ஒழுங்கும் மேம்பட்டு ஆயுளும் நீண்டது.

இதே ரெட் நிலை ஓர் எச்சரிக்கையையும் வழங்குகிறது. ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகம் 2012இல், எம்இசிபி2 இல்லாத சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சு அளித்து நலமான எலும்பு மஜ்ஜையை மாற்றியபோது, அதிலிருந்து மைக்ரோகிளியாவை ஒத்த செல்கள் மூளைக்குள் குடியேறி நோயின் போக்கை நிறுத்தின என்று அறிவித்தது. உலகெங்கும் நம்பிக்கை எழுந்தது. 2015இல் பல ஆய்வகங்கள் தனித்தனியே அதே சோதனையைச் செய்து பார்த்து, அந்தப் பலன் தங்களுக்குக் கிட்டவில்லை என்று ஒரே கட்டுரையில் வெளியிட்டன. ரெட் நிலையில் ஆஸ்ட்ரோசைட்டின் பங்குக்கு உள்ள வலு, மைக்ரோகிளியாவின் பங்குக்கு இன்று இல்லை.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 மரபணு அடங்கிப் போவதால் வரும் ஃப்ரஜைல் எக்ஸ் நிலை, ஆட்டிசத்தோடு தொடர்புடைய ஒற்றை மரபணு நிலைகளில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று. இம்மரபணுவின் புரதம் சந்திப்புகளில் புரத உற்பத்தியைக் கட்டுக்குள் வைப்பது. சுண்டெலியின் ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் அதை நீக்கியபோது, குளூட்டமேட்டை உறிஞ்சும் புரதம் குறைந்து, நரம்புச் செல்கள் எளிதில் கிளர்ச்சியுற்றன. சந்திப்பில் செல்களைப் பிணைக்கும் நியூரோலிஜின் மரபணுக்களின் கதையும் இத்தகையதே. 2003இல் இவை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தப்பட்டபோது நரம்புச் செல்லின் மரபணுக்களாகவே பேசப்பட்டன. 2017இல் சாக்லா எரோக்லுவின் ஆய்வகம், ஆஸ்ட்ரோசைட்டும் இவற்றைப் பயன்படுத்தியே தன் கிளைகளை விரிக்கிறது என்று காட்டியது. ஒரு மரபணுவை நரம்புச் செல்லுக்கு உரியது என்று எழுதி வைப்பது, தேடிய இடத்தில் கிடைத்ததைப் பதிவு செய்வதாக மட்டுமே இருக்கக்கூடும்.

மனித மூளைத் திசு கூறுவது

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டயானா வார்காஸ், கார்லோஸ் பார்டோ முதலியோர், ஆட்டிசம் உடையோர் 11 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். சிறுமூளையிலும் பெருமூளைப் புறணியிலும் மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் கிளர்ந்த நிலையில் இருந்தன. அழற்சியை அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களும் மிகுந்திருந்தன. 2011இல் டேனியல் கெஷ்வின்டின் குழு, எந்தெந்த மரபணுக்கள் மூளையில் எந்த அளவு இயங்குகின்றன என்பதை அளந்து, ஆட்டிசம் மூளைகளில் சந்திப்பு தொடர்பான மரபணுத் தொகுதி தணிந்தும், கிளியாவும் நோய் எதிர்ப்பும் சார்ந்த தொகுதி உயர்ந்தும் இருப்பதைக் கண்டது. ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் தனித்தனியே படிக்கும் தொழில்நுட்பத்தால் 2019இல் டிமிட்ரி வெல்மெஷெவ் முதலியோர் செய்த ஆய்வும், புறணியின் மேலடுக்கு நரம்புச் செல்களையும் மைக்ரோகிளியாவையும் முதன்மையாகச் சுட்டியது.

மையலினைத் தரும் ஒலிகோடென்ட்ரோசைட்டும் இந்தக் கணக்கில் இடம் பெறுகிறது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய பிட்-ஹாப்கின்ஸ் என்னும் அரிய நிலைக்குரிய சுண்டெலிகளிலும், ஆட்டிசம் உடையோரின் மூளைத் திசுவிலும் மையலின் மரபணுக்களின் இயக்கம் மாறியிருப்பதை 2020இல் பிரேடி மாகரின் குழு கண்டறிந்தது.

ஆயினும் இவ்வாய்வுகள் அனைத்தும் சிறு எண்ணிக்கையிலான மூளைகளை நம்பியவை. நன்கொடையாக வரும் ஆட்டிசம் மூளைகள் எங்கும் குறைவு. 2012இல் அமெரிக்காவில் பாஸ்டன் அருகேயுள்ள மூளைக் களஞ்சியம் ஒன்றில் உறைகலம் பழுதாகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டிசம் மூளைகள் சேதமுற்றதை அத்துறையினர் பேரிழப்பாகக் கருதினர். இறப்பின் காரணம், வலிப்பு நோய், உட்கொண்ட மருந்துகள் ஆகியன ஒவ்வொன்றும் கிளியாவைக் கிளர்த்தக்கூடியவை என்பதால், காணப்பட்ட கிளர்ச்சி ஆட்டிசத்தைச் சார்ந்ததா இவற்றைச் சார்ந்ததா என்று பிரித்தறிவதும் எளிதன்று. உயிருடன் இருப்போரின் மூளையில் கிளர்ந்த கிளியாவைக் காட்டுவதாகக் கருதப்படும் டிஎஸ்பிஓ என்னும் புரதத்தைப் பெட் ஸ்கேன் மூலம் அளந்தவர்களும் ஒரே குரலில் பேசவில்லை: 2013இல் ஜப்பானியக் குழு ஒன்று அது மிகுந்திருப்பதாகக் கூற, 2021இல் அமெரிக்கக் குழு ஒன்று வேறொரு தடயப்பொருளைக் கொண்டு அளந்து, அது குறைந்திருப்பதாகக் கூறியது.

காரணமா, எதிர்வினையா

கெஷ்வின்டின் 2011 ஆய்வில் பலரும் கவனியாது கடக்கும் ஒரு முடிவு இருக்கிறது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள், தணிந்திருந்த சந்திப்புத் தொகுதியில் செறிந்திருந்தன. உயர்ந்திருந்த கிளியாத் தொகுதியில் அத்தகைய செறிவு இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான பெரும் மரபணு ஆய்வு இனங்கண்ட 102 மரபணுக்களும் பெரும்பாலும் வளரும் நரம்புச் செல்களில் இயங்குபவையே. இதன்படி பார்த்தால், மரபணு வழியாக வரும் முதல் மாற்றம் நரம்புச் செல்லில் தோன்ற, கிளியா அதற்குப் பிறகு எதிர்வினை ஆற்றுகிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றும்.

ஆனால் எதிர்வினை என்பதால் அது பின்விளைவற்றது ஆகிவிடாது. நரம்புச் செல்லின் சமிக்ஞை மாறினால் மைக்ரோகிளியாவின் கவாத்து மாறுகிறது. கவாத்து மாறினால் நரம்பு வலை மாறுகிறது. வலை மாறினால் மீண்டும் சமிக்ஞை மாறுகிறது. இவ்வட்டத்தில் எது முதல் என்ற கேள்விக்கு மரபணு ஒரு விடை தரலாம். எந்த இடத்தில் குறுக்கிட்டால் வட்டம் திரும்பும் என்ற கேள்விக்கு அந்த விடை போதாது. மரபணு நரம்புச் செல்லில் பழுதாகியிருந்தும் கிளியாவின் வழி மேம்பாடு கிட்டக்கூடும் என்பதை ரெட் நிலையின் ஆஸ்ட்ரோசைட் சோதனை உணர்த்துகிறது. கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் டிலெக் கோலக்கின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் சேர்க்கிறது: ஆட்டிசம் உடையோரின் செல்களிலிருந்து வளர்த்தெடுத்த ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்தியபோது, அச்செல்களின் கால்சியம் அலைகள் மிகையாக எழுந்தன, எலிகளிடம் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தையும் நினைவாற்றல் குறைபாடும் தோன்றின, கால்சியம் வெளியீட்டைக் குறைத்தபோது நினைவாற்றல் குறைபாடு தணிந்தது.

மரபணுவுக்கு வெளியிலிருந்தும் இவ்வட்டத்துக்குள் நுழைய வழி உண்டு. அமெரிக்காவில் 1964ஐ ஒட்டிப் பரவிய ரூபெல்லா தொற்றின்போது கருவிலேயே பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ், அவர்களில் 10 பேருக்கு முழுமையான ஆட்டிசமும் 8 பேருக்கு அதன் சில கூறுகளும் இருப்பதை 1971இல் பதிவு செய்தார். அக்காலத்தில் அறியப்பட்டிருந்த பரவலைவிட இது பன்மடங்கு அதிகம். கருவுற்ற சுண்டெலியின் நோய் எதிர்ப்பைத் தூண்டினால், தாயின் உடலில் பெருகும் ஐஎல்-6, ஐஎல்-17ஏ போன்ற சமிக்ஞைப் புரதங்களின் வழியே குட்டியின் மூளை வளர்ச்சி மாறுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. கருவுறுவதற்கு முன்பே ரூபெல்லா தடுப்பூசி போட்டுக்கொள்வது, ஆட்டிசத்துக்கு இட்டுச் செல்லும் ஒரு வழியை அடைப்பதாகும். தடுப்பூசியே ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று 1998இல் எழுந்த கூற்றோ, அதைத் தாங்கிய கட்டுரையை லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றதோடு ஆதாரம் இழந்துபோனது.

மருத்துவத்தின் எல்லை

இவ்வளவு அறிவும் மருந்தாக மாறியிருக்கிறதா என்றால், ஆட்டிசம் முழுவதற்கும் பொருந்தும் மருந்து எதுவும் இதுவரை இல்லை என்பதே விடை. கிளியாவின் கிளர்ச்சியை 2005இல் கண்ட பார்டோவே, மைக்ரோகிளியாவைத் தணிக்கும் மினோசைக்ளின் என்னும் மருந்தை ஆட்டிசம் உடைய 11 குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று 2013இல் வெளியிட்டார். எம்டாரை அடக்கும் எவரோலிமஸ், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸின் கட்டிகளைச் சுருக்குகிறது. அந்நிலையுடைய குழந்தைகளின் அறிதிறனிலும் ஆட்டிசக் கூறுகளிலும் அது மாற்றம் தரவில்லை என்று 2017இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டியது. ஃப்ரஜைல் எக்ஸ் சுண்டெலிகளில் வியக்கத்தக்க பலன் தந்த மவோக்ளூரன்ட், மனிதரில் தோற்றது. ரெட் நிலைக்கு மட்டும், மூளைச் செல்களின் வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1இன் ஒரு சிறு துண்டை ஒத்த ட்ரோஃபினடைடு என்னும் மருந்து 2023 மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதுவும் சில அறிகுறிகளைக் குறைக்கிறதே அன்றி நிலையை நீக்குவதில்லை.

சுண்டெலியில் பலித்தது மனிதரில் பலிக்காமைக்குக் காலம் ஒரு காரணமாகலாம். கவாத்து நடக்கும் வயதில் தரப்பட்ட மருந்தும், அது நடந்து முடிந்த பின் தரப்பட்ட மருந்தும் ஒன்றாகா. வகை மற்றொரு காரணம். ஒரு குழந்தையின் ஆட்டிசத்தில் கவாத்து குறைந்திருக்க, மற்றொரு குழந்தையில் குளூட்டமேட் ஒழுங்கே பழுதாகியிருக்கும்போது, இருவருக்கும் ஒரே மருந்தைத் தந்து சராசரி பார்த்தால் இருவருக்கும் பயனில்லை என்ற முடிவே கிட்டும். ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோயில் காம்ப்ளிமென்ட் தொகுதியின் சி4 மரபணு மிகையாக இயங்கிக் கவாத்தைக் கூட்டுவதாக 2016இல் கிடைத்த சான்றை நோக்கினால், மைக்ரோகிளியாவைத் தணிப்பது எல்லார்க்கும் நன்மை என்று கொள்ள இயலாது. கவாத்து குறைந்தவரிடம் அதை மேலும் குறைப்பது கேடாகவும் முடியலாம்.

மூளையில் அழற்சி, நோய் எதிர்ப்பில் கோளாறு என்ற சொற்கள் ஆய்விதழ்களிலிருந்து விளம்பரங்களுக்கு விரைவில் இடம் பெயர்ந்துவிட்டன. ஸ்டெம் செல் ஊசி மூளையின் அழற்சியைத் தணித்து ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று கூறிப் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் பணம் பெறும் போக்கு இந்தியாவிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு ஏற்கப்பட்ட ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நீங்கலாக மற்றவை அனைத்தும் முறையான மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே நடைபெற வேண்டும் என்று வகுத்துள்ளன. இத்தகைய வாக்குறுதியை எதிர்கொள்ளும் பெற்றோர், எந்தச் செல்லில் என்ன மாற்றம் இந்தக் குழந்தையிடம் அளக்கப்பட்டது, அந்த மாற்றத்தைச் சிகிச்சை திருத்தியது மனிதரிடம் ஒப்பீட்டுச் சோதனையில் காட்டப்பட்டதா என்று கேட்பதற்கு முழு உரிமை உடையவர்கள். இன்று அக்கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லத்தக்க கிளியா சிகிச்சை ஆட்டிசத்துக்கு இல்லை.

ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் முதலியோர் 1960களில் பரப்பிய கருத்து எண்ணற்ற தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அக்கருத்தை அசைத்தவை, 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு போன்ற மரபியல் சான்றுகள். கிளியா ஆய்வு அச்சான்றுகளுக்கு உடற்கூற்று விவரத்தைச் சேர்த்திருக்கிறது. சந்திப்புகள் உருவாவதும் நீக்கப்படுவதும் வளரிளம் பருவம் வரை நீள்கின்றன என்பது இவ்வாய்வுகளால் உறுதிப்பட்டிருப்பதால், பேச்சுப் பயிற்சியும் செயல்வழிப் பயிற்சியும் குழந்தையின் புலனுணர்வுக்கு இசைந்த பள்ளிச் சூழலும் இந்த ஆண்டுகள் நெடுகக் கிடைக்கச் செய்வதற்கு உயிரியல் தடை சொல்லவில்லை. எந்தக் குழந்தையிடம் எந்தச் செல்லின் சமிக்ஞை எந்த வயதில் மாறுகிறது என்று உயிருள்ள மூளையிலேயே அளந்தறியும் நம்பகமான முறை உருவாகும்போதுதான், காரணமா எதிர்வினையா என்ற கேள்வி ஆய்வகத்தைக் கடந்து மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும். அதுவரை கிளியா செல்கள் ஆட்டிசத்தின் விளக்கத்தில் உறுதியான பங்காளிகள், அதன் சிகிச்சையில் இன்னும் சோதிக்கப்படும் வாய்ப்புகள்.